தாலிக்கும் டிக்கெட்டுக்கும் சாட்சி

ரிச்சர்ட்ஸ் பூங்காவிற்கு அருகே நாம் குடியிருக்கும் வீடு சிறியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் வாசற்படி ஏறி வருவோர் தொகை மட்டும் சிறியதன்று. நாம் வழக்கறிஞர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் எழுத்தர் பணியில் அமர்ந்து, பன்னிரண்டு ஆண்டுகளாகக் கோப்புகளோடு காலங்கழித்து வருகின்றோம். எனினும், ரயில்வேக்காரருக்கு எல்லாப் பாரமும் நிரப்பத் தெரியும் என்பது நம் மக்களின் நம்பிக்கை. பாரம் என்ற சொல்லுக்குத் தமிழில் சுமை என்றும் பொருள் உண்டு என்பதை அவர்கள் மறந்துவிட்டாலும், வரும்போது கொண்டுவருவது பெரும்பாலும் அதுவே.

வருவோர் எல்லோரும் ஏதோ ஒரு தலைமுறையில் ஊர்விட்டு வந்தவர்களே. வட ஆர்க்காட்டிலிருந்து பாட்டன் காலத்தில் கண்டோன்மெண்டுக்கு வந்து தங்கியவர்கள் உண்டு. சுரங்கம் மூடியபின் கோலார் தங்கவயலிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் உண்டு. சென்ற ஆண்டு தருமபுரியிலிருந்து வந்து கட்டட வேலையில் சேர்ந்தவர்களும் உண்டு. அவர்கள் கேட்கும் சட்டக் கேள்விகள் பலவாயினும், கூர்ந்து நோக்கின் இரண்டே. பெண்ணையோ பிள்ளையையோ கடல் கடந்து மணம் முடித்துக் கொடுத்தால் துணைவரோடு சேர்ந்து வாழ வழி என்ன? உழைக்கும் மனிதன் விபத்தில் அடிபட்டாலோ இறந்தாலோ நஷ்டஈடு பெற வழி என்ன?

சில மாதங்களுக்கு முன் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இவ்விரு கேள்விகளும் நம் வீடு தேடி வந்தன. முதலில் வந்தவர் மணமகளின் தந்தை. கையில் கனத்த புகைப்பட ஆல்பம் ஒன்று. இரண்டாவதாக வந்தவர் நம் தெருவிலேயே வசிக்கும் ஓர் அம்மையார். உடன் அவருடைய தங்கை. தங்கையின் மடியில் ஒரு மஞ்சள் பை.

முதலில் ஆல்பத்தின் கதையைக் கூறுவோம். திருப்பத்தூர்ப் பக்கத்துக் குலதெய்வக் கோயிலில் திருமணம் நடந்து பதினான்கு மாதங்கள் ஆயின. மாப்பிள்ளை அமெரிக்காவில் கணினித் துறையில் எச்-1பி விசாவில் பணிபுரிபவர். மணமான பத்தாம் நாள் விமானம் ஏறிவிட்டார். மனைவியை எச்-4 விசாவில் அழைத்துக்கொள்ள இப்போது ஏற்பாடு நடக்கிறது. தூதரகத்துக்குக் காட்டத் திருமணச் சான்றிதழ் வேண்டும் என்றபோதுதான், அப்படியொரு தாள் வாங்கவேயில்லை என்பது இரு வீட்டாருக்கும் நினைவு வந்திருக்கிறது. அழைப்பிதழ் இருக்கிறது; கோயில் ரசீது இருக்கிறது; நானூறு புகைப்படங்கள் இருக்கின்றன; விருந்துக்கு வந்த ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பதிவேட்டில் மட்டும் அந்தத் திருமணம் இல்லை.

“மணமான மறுநாளே பதிவு செய்துவிடலாம் என்றுதான் ஐயா சொன்னேன். ‘நம்பிக்கை இல்லாதவர்கள் அல்லவா பதிவு செய்வார்கள்’ என்று சம்பந்தியம்மா முகத்தைச் சுளித்தார். பெண்ணைக் கொடுத்தவன், நான் மேற்கொண்டு பேசவில்லை” என்றார் அவர்.

பெண்ணைக் கொடுத்தவர் பேசாதிருப்பது நம் நாட்டில் புதிதன்று. ஆனால் பதிவேட்டில் இல்லாத திருமணம் எல்லையைக் கடக்கும்போது என்னவாகும் என்பதைத் தமிழர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அறிந்துகொண்டார்கள். 1913-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள், தென்னாப்பிரிக்காவில் கேப் மாகாண உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்புக் கூறினார். இந்தியாவில் இஸ்லாமிய முறைப்படி மணந்த தம் மனைவியைக் கப்பலில் அழைத்துவந்த ஒருவருக்கு, அந்தத் திருமணத்தைத் தென்னாப்பிரிக்கச் சட்டம் ஏற்காது, ஆகவே அப்பெண்மணி மனைவி என்ற உரிமையில் நாட்டினுள் நுழைய இயலாது என்பதே அத்தீர்ப்பு. கிறித்தவ முறைப்படி நடவாமலும் திருமணப் பதிவாளரிடம் பதியாமலும் இருந்த மணங்கள் யாவும் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மணங்கள் அல்லாமற் போயின. அந்நாட்டில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான இந்துக்களின், முஸ்லிம்களின், பார்சிகளின் மனைவியர்க்கு மனைவி என்ற பெயர் பறிபோயிற்று. பிள்ளைகளுக்கு வாரிசு என்ற பெயர் பறிபோயிற்று.

காந்தியடிகளின் அறப்போரில் பெண்கள் இறங்கியதற்கு இத்தீர்ப்பே உடனடிக் காரணம். டிரான்ஸ்வாலைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் கைக்குழந்தைகளோடு எல்லை கடந்து நேட்டாலுக்குள் சென்று, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு எழுப்பிச் சிறை புகுந்தனர். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் தம் பதினாறாம் வயதில் உயிர் நீத்தார். அவ்வாண்டே இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம் நம் முறைப்படியான திருமணத்தை, ஒருவருக்கு ஒரு மனைவி என்ற அளவில், ஏற்றுக்கொண்டது. மூன்று பவுன் தலைவரியும் ஒழிந்தது. பதிவில்லாத தாலிக்காக ஒரு சிறுபெண் உயிர் கொடுத்தாள் என்று சம்பந்தியம்மாளிடம் கூறும்படி மணமகளின் தந்தையிடம் சொன்னோம். அவர் கூறினாரோ இல்லையோ, அறியோம்.

இன்று நம் திருமணங்களை உலக நாடுகள் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் அவை கேட்கும் சாட்சி தாலி அன்று, தாள். நமது உச்ச நீதிமன்றமும் 2006-ஆம் ஆண்டிலேயே, எந்தச் சமயத்தாரின் திருமணமாயினும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. கர்நாடகத்தில் 1976-ஆம் ஆண்டின் சட்டமும், தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டின் சட்டமும் இதற்காக உள்ளன. தமிழ்நாட்டுச் சட்டப்படி திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் பதிய வேண்டும்; அதைத் தவறவிட்டோர் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாட்களுக்குள் பதியலாம். நம்மவரில் பலர் பெங்களூரில் வசித்துக்கொண்டு சொந்த ஊர்க் கோயிலில் மணம் முடிப்பவர். விருந்து முடிந்த அன்றே வேன் பிடித்து ஊர் திரும்பிவிடுகிறார்கள். மறுநாள் ஒரு நாள் தங்கி, மணமக்கள் இருவரையும் சாட்சிகளோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றிருப்பின், பின்னால் அமெரிக்காவிலிருந்து ஒருவரை விடுப்பெடுத்து வரச்சொல்ல நேராது. பதிவாளர் முன் கணவன் மனைவி இருவரும் நிற்க வேண்டும் என்பதே இதில் உள்ள முடிச்சு.

சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்ளும் குடும்பங்களுக்கு ஒரு சொல். அத்திருமணத்தைச் செல்லுபடியாக்கும் 7-ஏ பிரிவு, 1967-ஆம் ஆண்டில் அண்ணா முதல்வராயிருந்தபோது தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த பிரிவு. அது தமிழ்நாட்டுக்குரியது. அதே மாலை மாற்றலைப் பெங்களூர் மண்டபத்தில் நடத்திவிட்டு அதே பிரிவைக் காட்டுவது இடர் தரும். இங்கே அவ்வாறு மணப்போர் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துப் பதிந்துகொள்வதே பாதுகாப்பு. நம் பகுதியின் கிறித்தவ அன்பர்களுக்கும் முஸ்லிம் அன்பர்களுக்கும் ஆலயப் பதிவேடும் நிக்காஹ் நாமாவும் இருப்பதால் தொல்லை குறைவு. எனினும் அவற்றில் பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதப்பட்டிருக்கின்றனவா என்று அன்றே பார்த்துக்கொள்ள வேண்டும். தந்தை பெயரின் முதலெழுத்தைச் சிலர் முன்னாலும் சிலர் பின்னாலும் எழுதுவது நமக்கு வேடிக்கை. விசா அலுவலருக்கு அது வேறு ஆள்.

பாஸ்போர்ட் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. 2016 டிசம்பரில் விதிகள் தளர்த்தப்பட்டபோது, பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு திருமணச் சான்றிதழ் இணைக்கத் தேவையில்லை என்று அறிவிக்கப்பட்டது. அன்றுமுதல், மனைவியின் பாஸ்போர்ட்டில் கணவன் பெயர் ஏறிவிட்டால் போதும் என்று நினைப்போர் பெருகிவிட்டனர். போதாது. விசாவுக்குச் சான்றிதழ் வேண்டும்; பல நாடுகளுக்கு அதன்மேல் நமது வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையும் வேண்டும்.

இனி, விசா கிடைத்துப் போய்ச் சேர்ந்த பெண்ணின் நிலை. இதைப்பற்றிக் கேட்பவர் குறைவு; கேட்க வேண்டுவது இதுவே. எச்-4 விசாவில் செல்லும் மனைவியின் தங்கும் உரிமை முழுவதும் கணவனின் வேலையைப் பற்றிக்கொண்டு நிற்பது. அவன் வேலை போயின் அவள் இருப்பும் போயிற்று. அவளே வேலை பார்க்கவும் பொதுவாக அனுமதி இல்லை. நிரந்தர வதிவுரிமைக்கான படிகளில் ஒரு கட்டத்தை அடைந்த கணவன்மாரின் மனைவியர்க்கு மட்டும் 2015 முதல் அனுமதி தரப்பட்டது. அமெரிக்கக் குடிமகனை மணந்து செல்வோர் நிலை வேறு. அவர்களுக்கு ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு கிடையாது. ஆனால் நாட்டில் நுழையும் நாளில் மணமாகி இரண்டாண்டு நிறையாதிருப்பின், இரண்டாண்டுக்கே செல்லும் நிபந்தனை அட்டைதான் கிடைக்கும். அது முடியுமுன் 90 நாட்களுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து மனுச் செய்து நிபந்தனையை நீக்கிக்கொள்ள வேண்டும். போலித் திருமணங்களைத் தடுக்க 1986-இல் வந்த ஏற்பாடு இது.

கணவன் கையெழுத்திட மறுத்தால்? அடித்துத் துன்புறுத்துபவனாயிருந்தால்? அவன் தயவில்லாமல் அப்பெண் தானே மனுச் செய்ய அந்நாட்டுச் சட்டம் வழிவிட்டிருக்கிறது. நல்லெண்ணத்தோடு மணந்தவள் என்பதையும், கொடுமை நிகழ்ந்ததையும் அவள் காட்ட வேண்டும். 1994-இல் இயற்றப்பட்ட பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டம் இதை விரிவாக்கியது. இங்கிலாந்திலும், துணைவரின் விசாவில் சென்று குடும்ப வன்முறைக்கு ஆளானவர் தனியே நிரந்தர வதிவுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. இவ்விரண்டையும் தெரியாமல், திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று அஞ்சி ஆண்டுக்கணக்கில் அடிபட்ட பெண்கள் உண்டு. மகளை விமானம் ஏற்றும்போது ஊறுகாய் ஜாடியோடு, சான்றிதழ்களின் நகல்களையும் அவள் கையிலேயே கொடுத்தனுப்புக. மாமியார் வீட்டு அலமாரிக்குள் போன பாஸ்போர்ட் எளிதில் வெளிவருவதில்லை.

இங்கிலாந்து மணப்பெண்களை ஐயத்தோடு பார்த்த வரலாறும் நாம் மறக்கத்தக்கதன்று. 1979-ஆம் ஆண்டில், மணம் செய்துகொள்ள லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய இந்திய ஆசிரியை ஒருவருக்கு, அவர் உண்மையில் மணமாகாதவர்தானா என்றறிய உடற்சோதனை நடத்தினர். செய்தி வெளிவந்து உலகமே பழித்தபின் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. திருமணத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றம் அன்று என்று விண்ணப்பதாரரே மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதியும் 1997 வரை அங்கே இருந்தது. அது நீங்கிற்று. பின்னர் வேறு உருவில் கதவு குறுகிற்று: துணைவரை அழைப்பவரின் ஆண்டு வருமானம் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற வரம்பு 2012-இல் 18,600 பவுன் என்று விதிக்கப்பட்டு, 2024 ஏப்ரலில் 29,000 பவுனாக உயர்த்தப்பட்டது. ஆகவே லண்டன் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்பது இப்போது சீர்வரிசைப் பேச்சு ஆகாது. விசாப் பேச்சே ஆகும்.

கைவிடப்பட்ட பெண்ணுக்கும் ஒன்று கூற வேண்டும். வெளிநாட்டு நீதிமன்றம் ஒன்றில் கணவன் ஒருதலையாக மணவிலக்குப் பெற்று அஞ்சலில் அனுப்பிவிட்டான் என்பதால் எல்லாம் முடிந்துவிடவில்லை. இங்கே இந்துத் திருமணச் சட்டப்படி நடந்த மணத்தை, அச்சட்டம் ஒப்பாத காரணத்தைக் காட்டி, மனைவி முறையாகக் கலந்துகொள்ளாத வழக்கில் அயல்நாட்டு நீதிமன்றம் முறித்தால் அது இந்தியாவில் செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2003-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப்பின், மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாட்டு இந்தியர் திருமணங்களுக்கென்றே ஒரு பிரிவு 2009 முதல் இயங்குகிறது. பெங்களூர்ப் பெண் கலிபோர்னியாவுக்கு வக்கீல் தேடி ஓட வேண்டியதில்லை.

இலங்கையிலிருந்து பெண்ணெடுக்கும் குடும்பங்களும் நம் சங்கத்தில் உண்டு. இந்தியரை மணந்ததனாலேயே ஒருவர் இந்தியர் ஆகிவிடுவதில்லை. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, மணந்தபின் 7 ஆண்டு இங்கே வசித்த பிறகே பதிவுமுறையில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த 7 ஆண்டும் விசாவோடு கழிந்த ஆண்டுகளாயிருத்தல் வேண்டும்; விசாக் காலம் கடந்து தங்கியவர் இவ்வழியில் வர இயலாது. மேலும் 2004 டிசம்பர் 3-க்குப் பின் இந்தியாவில் பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராயிருந்தாலும் மற்றவர் முறையின்றித் தங்கியவராயிருப்பின், பிறப்பால் குடியுரிமை கிட்டாது. தாயின் விசாவைப் புதுப்பிக்க மறந்த குடும்பம் குழந்தையின் நாட்டை மறந்த குடும்பம் ஆகிவிடுகிறது. வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை என்னும் ஓசிஐ அட்டையை வெளிநாட்டுத் துணைவர் பெற வேண்டுமாயினும், திருமணம் பதிவாகி இரண்டாண்டு தொடர்ந்து நிலைத்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் சொல். இங்கும் பதிவேடே முன் நிற்கிறது.

ஆல்பத்தோடு வந்தவர் தெளிவு பெற்றுக் காப்பி அருந்திச் சென்றார். மாப்பிள்ளை தீபாவளிக்கு வரும்போது பதிவு செய்வதாக ஏற்பாடு. சான்றிதழ் இல்லாமையால் அக்குடும்பம் இழந்தது ஓர் ஆண்டு. அவ்வளவே. மஞ்சள் பையோடு வந்தவர் நிலை அப்படியன்று.

கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது. அதன்பின் தங்கவயல் தமிழரில் ஆயிரக்கணக்கானோர்க்குப் பெங்களூரே சோறு போடுகிறது. விடியுமுன் மாரிக்குப்பத்திலோ பங்காருப்பேட்டையிலோ வண்டி ஏறி, இரவில் வீடு திரும்புவார்கள். அந்த வண்டிகளில் உட்கார்ந்து வந்தவனைவிட நின்று வந்தவன் மிகுதி. நின்றவரிலும் வாசலில் நின்றவர் பலர். அந்தத் தங்கையின் கணவர் தையல் ஆலை ஒன்றில் மேற்பார்வையாளர். ஒருநாள் காலை கூட்ட நெரிசலில் வாசலிலிருந்து கீழே விழுந்தார். உடன் வந்தவர்கள் சங்கிலியை இழுத்து வண்டியை நிறுத்தி, அவரைத் தூக்கி ஆட்டோவில் இட்டு, அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தனர். என்ன நடந்தது என்று அங்கே கேட்டபோது, போலீஸ் வழக்கு என்றால் சிகிச்சை தாமதமாகுமோ என்று அஞ்சிய நண்பர் ஒருவர், “வழுக்கி விழுந்துவிட்டார்” என்றார். மருத்துவமனை ஏட்டில் அதுவே ஏறிற்று. மூன்றாம் நாள் அவர் இறந்தார். பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. தங்கவயலுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டனர்.

பையைப் பிரித்தார்கள். மருத்துவமனை ரசீதுகள்; இறப்புச் சான்றிதழ்; கண்ணாடி நொறுங்கிய அலைபேசி ஒன்று. சீசன் டிக்கெட்டை அவர் அலைபேசியில்தான் எடுத்து வைத்திருந்தாராம்.

“அண்ணா, ரயிலில் விழுந்தால் எட்டு லட்சம் உண்டு என்கிறார்கள். டிக்கெட்டே உடைந்து போய்விட்டதே, எங்களுக்குக் கிடைக்குமா?” என்று கேட்டார் தமக்கை. தங்கை ஒன்றும் கேட்கவில்லை.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்கலாகாது. இத்தகைய வழக்கில் எதிர்மனுதாரர் ரயில்வே நிர்வாகம். நாம் உண்பது அதன் சோறு. ஆயினும் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது. அதை எடுத்துச் சொல்வதில் துரோகம் ஏதுமில்லை என்றே கருதுகிறோம்.

1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தின் 124-ஏ பிரிவு கூறுவது வியப்புக்குரியது. பயணி ஒருவர் ஓடும் வண்டியிலிருந்து தற்செயலாக விழுந்து இறந்தாலோ காயமுற்றாலோ, ரயில்வேயின் பக்கம் தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நஷ்டஈடு தரப்பட வேண்டும். வண்டியிலோ நிலையத்திலோ கொள்ளை, கலவரம், பயங்கரவாதத் தாக்குதல் நிகழ்ந்தாலும் அவ்வாறே. பிளாட்பாரம் டிக்கெட் வைத்திருப்பவரும் இதில் அடக்கம். தற்கொலை, தானே வருவித்துக்கொண்ட காயம், சொந்தக் குற்றச்செயல், குடிவெறி அல்லது சித்தப்பிரமை, இயற்கை நோய் ஆகியவற்றால் வந்த மரணத்துக்கு மட்டும் இல்லை. தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபடுவோர்க்கும் இப்பிரிவு உதவாது. அவர் பயணியாக விழுந்தவர் அல்லர். தொகை 1997-இல் 4 லட்சமாகவும், 2017 ஜனவரி 1 முதல் 8 லட்சமாகவும் உயர்த்தப்பட்டது. காயங்களுக்கு அவற்றின் கடுமைக்கேற்பப் பட்டியல் உண்டு.

கேரளத்தின் வர்க்கலா நிலையத்தில் வண்டி ஏற முயன்று விழுந்து இறந்த ஒரு பெண்மணியின் வழக்கில், ஏறும்போது விழுந்தாலும் அது விழுந்ததே என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018-இல் மற்றொரு தீர்ப்பு: கவனக்குறைவாக வாசலில் நின்றது தானே வருவித்துக்கொண்ட காயம் ஆகாது, இறந்தவரிடம் டிக்கெட் அகப்படவில்லை என்பதனாலேயே மனு தள்ளப்படலாகாது, பயணம் செய்தார் என்பதற்கான சூழ்நிலைகளைக் குடும்பத்தார் பிரமாணப் பத்திரத்தில் கூறினால், அதை மறுக்கும் பொறுப்பு ரயில்வேயின் மேல் விழும். ஆனால் தண்டவாளத்தருகே உடல் கிடந்தது என்பது மட்டும் போதாது என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது.

மனு, ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிப்யூனலில் ஓராண்டுக்குள் கொடுக்கப்பட வேண்டும். டிக்கெட் வாங்கிய இடம், விழுந்த இடம், போய்ச் சேர வேண்டிய இடம், மனுதாரர் வசிக்கும் இடம் ஆகியவற்றுள் எதற்குரிய அமர்விலும் கொடுக்கலாம். பெங்களூரில் ஓர் அமர்வு உள்ளது. அந்தப் பெண்கள் நம்மிடம் வந்தது பத்தாம் மாதத்தில்.

டிக்கெட்டுக்காக நாம் கவலைப்படவில்லை. அலைபேசி உடைந்தாலும், அந்த எண்ணில் எடுத்த சீசன் டிக்கெட்டின் கணக்கு ரயில்வேயின் கணினியில் இருக்கும். நம்மை உறுத்தியது மருத்துவமனை ஏட்டில் எழுதப்பட்ட ‘வழுக்கி விழுந்தார்’ என்பதே. எங்கே வழுக்கினார்? குளியலறையிலா, படியிலா, வண்டியிலா? இறந்தவர் சார்பில் பேச வேண்டிய ஒரே ஏடு ஊமையாக நின்றது. நண்பர்கள் பிரமாணம் செய்யலாம். ஆனால் அன்று ஒன்றைச் சொன்னவர்கள் இன்று வேறொன்றைச் சொல்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். நாமே அவ்விடத்திலிருப்பின் கேட்போம்.

பகல் உணவுக்குப்பின்னும் அதே நினைவாயிருந்தது. மாலையில் சட்டெனத் தோன்றிற்று: சங்கிலியை இழுத்தார்களே! ஓடும் வண்டியில் சங்கிலி இழுக்கப்பட்டால், வண்டி நின்ற இடமும், நேரமும், எத்தனை நிமிடம் நின்றது என்பதும் கார்டின் குறிப்பேட்டில் எழுதப்படும். எழுதாமல் விட இயலாது. தாமதத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். மருத்துவமனை ஏடு மறைத்ததை ரயில்வேயின் ஏடே சொல்லக்கூடும்.

அதை நாமே அலுவலகத்தில் தேடி எடுத்துக் கொடுப்பது பணி விதிக்குப் புறம்பு. நாடு முழுமைக்கும் பொதுவான வழி ஒன்று உண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு, இன்ன தேதியில் இன்ன வண்டி இடைவழியில் நின்ற விவரம் வேண்டும் என்று அந்தப் பெண்ணின் கையெழுத்தில் மனு அனுப்பச் செய்தோம். மறுமொழி தர 30 நாள் அவகாசம் என்பது சட்டம். அந்த முப்பது நாளும் நம் தெருவில் தபால்காரரை எதிர்பார்த்து நின்றவர் அந்தத் தமக்கையே.

இதற்கிடையே, சாலை விபத்தைப் பற்றியும் அன்பர்கள் கேட்டவற்றை எழுதிவிடுவது முறை. அவற்றுக்கு மோட்டார் வாகன விபத்து டிரிப்யூனல். பெங்களூரில் ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் இவை விசாரிக்கப்படுகின்றன. ஊருக்குப் போகும் வழியில் கிருஷ்ணகிரியில் விபத்து நேர்ந்தாலும், பெங்களூரில் வசிப்பவர் பெங்களூரிலேயே மனுக் கொடுக்கலாம் என்பது பலர் அறியாதது. 2019-ஆம் ஆண்டின் திருத்தம், 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதக் கெடுவை விதித்துவிட்டது. அக்கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் சென்றன என்பதற்காக நாளைக் கடத்துவது அறிவுடைமையன்று. இடித்துவிட்டு ஓடிய வண்டி இன்னதென்று தெரியாவிட்டாலும் இறப்புக்கு 2 லட்சம், கடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. 2025 மே மாதத்தில் வந்த திட்டப்படி, விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய் அளவுக்கு முன்பணமின்றிச் சிகிச்சை பெறலாம். அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்தவரை அவர் விருப்பத்துக்கு மாறாகப் பெயர் கேட்டு நிறுத்தலாகாது என்பதும் சட்டமாகிவிட்டது. தங்கவயல் நண்பர் இதை அறிந்திருந்தால் அஞ்சியிருக்க மாட்டார்.

தொகை எப்படிக் கணிக்கப்படுகிறது என்பதை ஒரு கணக்கால் காட்டுவோம். எழுத்தரின் ஆசை, பொறுத்தருள்க. 34 வயது ஆட்டோ ஓட்டுநர். மாத வருவாய் 15,000. மனைவி, இரு குழந்தைகள், தாய் ஆக நால்வர் அவரை நம்பியிருந்தனர். எதிர்கால உயர்வுக்காக 40 விழுக்காடு கூட்ட 21,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒன்று கழிக்க 15,750. ஓராண்டுக்கு 1,89,000. அந்த வயதுக்கு உச்ச நீதிமன்றம் 2009-இல் வகுத்த பெருக்கெண் 16. ஆகமொத்தம் 30,24,000 ரூபாய். ஈமச் செலவு முதலிய சில்லறைத் தலைப்புகள் வேறு. அதே மனிதருக்கு வருவாய்ச் சான்று ஏதுமில்லை, நீதிமன்றம் தானே 10,000 என்று மதிப்பிட்டது என்று கொள்வோம். தொகை 20,16,000. வித்தியாசம் பத்து லட்சத்துக்கும் மேல். நாள்தோறும் கிடைத்த பணத்தில் ஒரு பங்கையேனும் வங்கியில் போட்டு எடுத்திருந்தால், அந்தப் புத்தகம் அவ்வளவு பெறும்.

காயம் என்றால் மருத்துவர் எழுதும் ஊன விழுக்காடு மட்டும் கணக்கன்று என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஒரு கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருப்பின் அவருடைய பிழைப்பே போயிற்று. அரசாங்க எழுத்தராயிருப்பின் வேலை போகாமலும் இருக்கலாம் என்று அத்தீர்ப்பிலேயே உவமை வருகிறது. எழுத்தரை எடுத்துக்காட்டியது நமக்குச் சற்று நெருடலாகவே இருந்தது. ஆயினும் நியாயம் அதுவே. ஆகவே தொழில் இன்னதென்று மருத்துவமனையிலேயே எழுதச் செய்ய வேண்டும்.

ரயில் டிக்கெட்டை இணையவழி எடுப்போர்க்கு, ஒரு ரூபாய்க்கும் குறைந்த கட்டணத்தில் 10 லட்ச ரூபாய் வரை விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. அந்தக் கட்டத்தில் குறியிடுவோர் பலர். பின்னர் வரும் குறுஞ்செய்தியைத் திறந்து வாரிசின் பெயரை நிரப்புவோர் சிலர்.

இருபத்தேழாம் நாள் தபால் வந்தது. தமக்கை உறையைப் பிரிக்காமலே நம்மிடம் கொண்டுவந்து கொடுத்தார். ஆங்கிலத்தில் நான்கே வரிகள். அந்தத் தேதியில், அந்த வண்டி, இன்ன இரு நிலையங்களுக்கு இடையே, அபாயச் சங்கிலி இழுக்கப்பட்டதால் 7 நிமிடம் நின்றது. காரணம், பயணி ஒருவர் கீழே விழுந்தார் எனச் சக பயணிகள் தெரிவித்தனர். நேரம், மருத்துவமனை ரசீதில் இருந்த சேர்க்கை நேரத்துக்கு இருபத்தைந்து நிமிடம் முந்தியது. நாம் தமிழில் படித்துச் சொன்னபோது, தங்கை முதன்முறையாக வாய் திறந்து, “ஏழு நிமிடம் நின்றதா?” என்று மட்டும் கேட்டார்.

ஆண்டு நிறைய ஒன்பது நாள் இருக்கையில் மனு பதிவாயிற்று. அந்த நான்கு வரிகளும், சீசன் டிக்கெட்டின் கணக்கும், நண்பர் இருவரின் பிரமாணங்களும் இணைக்கப்பட்டுள்ளன. ‘வழுக்கி விழுந்தார்’ என்று அன்று கூறிய நண்பர், ஏன் அப்படிக் கூறினேன் என்பதையும் தம் பிரமாணத்தில் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். முதல் விசாரணை அடுத்த திங்கள் இரண்டாம் வாரத்தில். அன்று காலை அந்த அம்மையார் மாரிக்குப்பம் வண்டியில்தான் வரவேண்டும். பெண்கள் பெட்டியில் உள்ளே சென்று அமர்ந்து வருமாறு தமக்கை சொல்லியனுப்பியிருக்கிறார்.